கொறங்காட்டுக்கு வந்த ஜமுனாபாரி

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது 4 ஏக்கர் நிலம். அதில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். மீதி இரண்டரை ஏக்கர் என் மாமனார் காலத்துக்கும் முன்பிருந்தே கொறங்காடு. கொங்கு நாட்டின் வானம் பார்த்த மேட்டு நிலங்களில், சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே வெள்வேல மரங்களை வளரவிட்டு, தரையில் கொழுக்கட்டைப் புல்லைப் பரவவிட்டு வைத்திருக்கும் மேய்ச்சல் நிலத்துக்குத்தான் இங்கே கொறங்காடு என்று பெயர். காங்கேயம் மாடுகள் வளர்ந்து பேர் எடுத்தது இத்தகைய நிலங்களில்தான். அந்தக் கொறங்காட்டில் 2016 முதல் நான் ஜமுனாபாரி வெள்ளாடுகளைப் பாலுக்காக வளர்த்து வருகிறேன். இப்போது 9 பெட்டையும் ஒரு கிடாவும் இருக்கின்றன. இந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி இழப்பின் வழியாக வந்தது என்பதால், சிறிய நிலத்தில் இந்த இனத்தை வளர்க்க நினைப்பவர்களுக்காக அவற்றை எழுதி வைக்கிறேன்.

ஜமுனாபாரியின் சொந்த மண் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பல் ஆற்றுக்கும் இடைப்பட்ட சக்கர்நகர் பகுதி. யமுனையின் பெயரைத்தான் ஆடும் தாங்கியிருக்கிறது. இந்திய வெள்ளாட்டு இனங்களில் மிக உயரமானவற்றுள் ஒன்று இது. பால் தருவதிலும் முன்வரிசையில் நிற்பது. இங்கிலாந்தில் ஆங்கிலோ நூபியன் என்ற கறவை இனத்தை உருவாக்கியபோது இந்த ஆட்டின் இரத்தமும் அதில் சேர்ந்தது. இந்தோனேசியாவில் இன்றும் பாலுக்காக வளர்க்கப்படும் கலப்பு ஆடுகள் எட்டாவா என்ற ஊர்ப்பெயராலேயே அறியப்படுகின்றன. கடல் கடந்து இவ்வளவு தூரம் போன இனம், தன் சொந்த மண்ணில் தூய வடிவில் அருகிவிட்டது. பெரும்பாலும் ஒரே குட்டி போடும். முதல் ஈற்றுக்கு ஏறத்தாழ இரண்டு வயது ஆகிவிடும். இறைச்சிக்காக வளர்ப்பவருக்கு இது கட்டுப்படியாகாது என்பதால், கிடைத்த கிடாக்களோடு சேர்த்துக் கலப்பாக்கிவிடுகிறார்கள். மதுரா மாவட்டம் மக்தூமில் 1979-இல் தொடங்கப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தின் மந்தை ஒன்றைப் பாலுக்கும் வளர்ச்சிக்கும் தெரிவு செய்து பேணி வருகிறது. ஆனாலும் ஓர் இனம் ஒரு பண்ணையில் மட்டும் வாழ்ந்தால் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு வீடு கறக்கப்பட்டால்தான் அது கறவை ஆடாக நீடிக்கும்.

முதலில் வாங்கியதைச் சொல்கிறேன். ஒரு வியாபாரியிடம் ஓர் ஆடு 22,000 ரூபாய் வீதம் நான்கு பெட்டைகளை வாங்கினேன். நான்கும் வெள்ளை, நான்குக்கும் நீண்ட காது. இரண்டு மட்டுமே ஜமுனாபாரி என்பதும், மற்ற இரண்டும் கலப்பு என்பதும் அவை குட்டி போட்ட பிறகுதான் தெரிந்தது. அவற்றின் குட்டிகளுக்குக் காது குட்டையாகவும் மூக்குத் தண்டு நேராகவும் இருந்தன. காதை மட்டும் பார்த்து வாங்கியதே நான் செய்த பிழை. தூய ஜமுனாபாரியின் மூக்குத் தண்டு கிளியின் அலகைப்போல் மேல்நோக்கி வளைந்து புடைத்திருக்கும். அதன்மேல் மயிர்க்கற்றை படிந்திருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்று முன்துருத்தி நிற்பதும் உண்டு. காது ஒரு சாணுக்கும் மேல் நீண்டு, தட்டையாக, நடுவில் மடிந்தாற்போல் தொங்கும். பின்னந்தொடைகளின் பின்புறம் குஞ்சம் கட்டியதுபோல் நீண்ட மயிர் இருக்கும். உடல் பெரும்பாலும் வெள்ளையாக இருந்தாலும், கழுத்திலும் காதிலும் பழுப்புத் திட்டுகள் இருப்பது குறையன்று.

இவை எல்லாம் இனத்தின் அடையாளங்கள். பாலின் அடையாளம் வேறு. இப்போது நான் ஓர் ஆட்டை வாங்குவதாக இருந்தால், முதல் நாள் மாலை கறவையையும் மறுநாள் காலைக் கறவையையும் நேரில் நின்று பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. கறந்த பிறகு மடி நன்றாகச் சுருங்க வேண்டும். சுருங்காமல் கல்போல் நின்றால் அது பால் மடியன்று, சதை மடி. இரண்டு காம்பிலும் பால் தாரை ஒரே கனத்தில் வர வேண்டும். பல்லைப் பார்த்து வயதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பால் பல் விழுந்து முதல் இரண்டு பெரும்பற்கள் முளைத்திருந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை வயது. எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் நான்கு வயதை ஒட்டியிருக்கும். இயன்றால் தாயையும் பார்க்க வேண்டும். தாயின் மடி நல்ல மடியாக இருப்பது, மகளின் காது இரண்டு அங்குலம் நீண்டிருப்பதைவிட மேலானது. காதின் நீளத்துக்கும் உயரத்துக்கும் மட்டுமே விலை பேசும் பழக்கம் இந்த இனத்துக்குப் பெரிய கேடு செய்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அப்படித் தெரிவு செய்துகொண்டே போனால் நான்கு தலைமுறையில் பார்வைக்கு மட்டும் ஜமுனாபாரியாக இருக்கும், பால் இருக்காது.

தொடக்கத்தில் ஆடுகளைக் கொறங்காட்டில் விடவே இல்லை. விலை கொடுத்து வாங்கிய ஆடு முள்ளில் மாட்டிக்கொள்ளும், நாய் கடிக்கும் என்ற அச்சத்தில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரச்சட்டம் அடித்துப் பரண் போட்டு, அதிலேயே அடைத்து வைத்தேன். கிணற்றுப் பாசனத்தில் கோ-4 கம்பு நேப்பியர் புல்லை வளர்த்து, நறுக்கித் தொட்டியில் போட்டேன். புல் தளதளவென்று இருந்தது. ஆடுகளோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நுனியை மட்டும் கடித்துக்கொண்டு, பாதிக்கு மேல் காலில் போட்டு மிதித்தன. தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தைக் கூட்டினேன், கழிச்சல் வந்தது. நன்றாகக் கறக்க வேண்டிய இரண்டாம் ஈற்று ஆடுகூட ஒரு நாளைக்கு 700 மில்லிக்கு மேல் தரவில்லை.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். எங்கள் கிணற்றில் ஒரு மணி நேரம்கூட மோட்டார் ஓடவில்லை. நேப்பியர் புல் தூரோடு காய்ந்தது. இனி ஆடுகளை விற்றுவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்த நேரத்தில், பக்கத்துத் தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பட்டி ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஏனம்மிணி, தலையைத் தூக்கித் திங்கற ஆட்டைக் குனிஞ்சு திங்கச் சொன்னா எப்படிப் பால் வரும்? காட்டுக்குள்ள அவுத்து உடு" என்றார்.

மறுநாள் காலை அவிழ்த்துவிட்டேன். மழையில்லாத அந்த ஆண்டிலும் வெள்வேலத்தில் தழை இருந்தது. வேலியோரத்தில் இலந்தை இருந்தது. கிளுவைக் கொம்புகளில் தளிர் இருந்தது. என் ஆடுகள் பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலைக் கிளையில் ஊன்றி, முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவித் தின்றதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பிறகு ஒரு முறை எட்டாவாவுக்குச் சென்று, சம்பலை ஒட்டிய மண்மேடுகளையும் ஓடைப் பள்ளங்களையும் நேரில் பார்த்தபோது, எனக்கு எல்லாம் விளங்கியது. அங்கும் கருவேலம், அங்கும் இலந்தை. மண்ணின் நிறம்தான் வேறு. புதரை நம்பி உருவான ஆட்டுக்கு நான் புல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்துக்குள் அதே ஆடு ஒரு லிட்டரைத் தாண்டியது. அடுத்த ஈற்றில், நன்றாகக் கறந்த வாரங்களில், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தந்தது. அந்த ஈற்றில் 190 நாட்களில் மொத்தம் 212 லிட்டர் கறந்ததாக என் குறிப்பேட்டில் இருக்கிறது. எல்லா ஆடும் அப்படித் தருவதில்லை. 120 லிட்டரோடு வற்றிவிடும் ஆடும் என்னிடம் உண்டு. அதன் குட்டிகளை நான் பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வதில்லை.

மேய்ச்சலில் இன்னொரு நன்மை இருப்பதைப் பின்னர் கால்நடை மருத்துவர் விளக்கினார். குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரமான புல்லின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிய சில அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். தலைக்கு மேலே இருக்கும் தழையைத் தின்னும் ஆட்டின் வயிற்றுக்குள் அவை குறைவாகவே போகின்றன. அதனால் புல் மேய வேண்டியிருக்கும் மழைக்காலத்தில் பனி காய்வதற்கு முன் நான் ஆடுகளை அவிழ்ப்பதில்லை.

இப்போதைய தீவன முறையைச் சொல்கிறேன். காலை கறவைக்குப் பிறகு ஒன்பது மணிக்கு அவிழ்த்துவிட்டால் மாலை நான்கு மணி வரை கொறங்காட்டில் இருக்கும். மாலையில் பட்டிக்கு வந்ததும் அகத்தி, வேலிமசால், முருங்கைத் தழையைக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுகிறேன். தரையில் போட்டால் தொடாத தழையைத் தொங்கவிட்டால் குச்சி தெரியும்வரை தின்கின்றன. எங்கள் பகுதி முருங்கைக்குப் பேர்போனது. கவாத்து செய்யும் காலத்தில் வண்டி வண்டியாகக் கிளை கிடைக்கும். ஆனால் மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் ஒரு கிளையைக்கூட எடுத்துவரக் கூடாது. சூபாபுல் தழையைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. அதில் இருக்கும் மிமோசின் என்ற நச்சு அளவுக்கு மீறினால் மயிர் உதிரும், சினை ஆடுகளுக்கும் ஆகாது. கறவை ஆட்டுக்கு உடலுக்கென 250 கிராமும், கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராமும் அடர்தீவனம். மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, கோதுமைத் தவிடு ஆகியவற்றுடன் தாது உப்பும் கல்லுப்பும் சேர்த்து நானே கலந்துகொள்கிறேன். எதை மாற்றினாலும் பத்து நாட்களில் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும். ஒரு முறை கல்யாண வீட்டுச் சோறு மிஞ்சியதென்று யாரோ அன்பாகக் கொட்டிவிட்டுப் போனதை ஆடுகள் வயிறு முட்டத் தின்றுவிட்டன. சோற்றின் மாவு வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். விடிவதற்குள் ஓர் ஆடு இறந்தது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, மருத்துவரையும் அழைத்து வந்ததில் மற்றவை பிழைத்தன. அன்றிலிருந்து பட்டிக் கதவுக்குப் பூட்டு உண்டு.

கொறங்காடு தந்த நன்மையோடு ஒரு தொல்லையும் வந்தது. ஜமுனாபாரியின் மடி பெரியது, காம்பு நீண்டு கூம்பியிருக்கும். வயதான ஆட்டுக்கு மடி முழங்காலுக்கும் கீழே தாழ்ந்துவிடும். அது முள்ளில் கிழிபடும். வெள்ளச்சி என்ற என் முதல் ஆட்டுக்கு அப்படிப்பட்ட ஒரு சிறு கீறலில் தொடங்கிய மடிநோய், மூன்றாம் நாள் ஒரு பக்க மடியையே கறுப்பாக்கிவிட்டது. உயிர் தப்பியது, அந்தப் பக்கம் மீண்டும் பால் சுரக்கவில்லை. கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. துணியில் திரித்திரியாக ஏதேனும் நின்றால் அது மடிநோயின் முதல் அறிகுறி. அந்த ஆட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும். கறந்து முடிந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைக்கிறேன். காம்பின் துளை மூடுவதற்கு அரை மணி நேரமாவது ஆகும் என்பதால், அதுவரை ஆடு படுக்காமல் நின்று தின்பதற்கு ஒரு கட்டுத் தழை வைத்திருக்கிறேன். எதிருயிரி (ஆன்டிபயாட்டிக்) ஊசி போட்ட ஆட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும்வரை வீட்டுக்கும் விற்பனைக்கும் எடுப்பதில்லை. மடி உடலோடு ஒட்டி உயரமாக அமைந்த ஆடுகளின் குட்டிகளை மட்டுமே இப்போது நிறுத்திக்கொள்கிறேன். வேலிக்கு உள்ளே ஆள் உயரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டுப்போன முட்கிளைகளைத் தை மாதத்தில் வெட்டிவிடுகிறோம்.

குட்டி பிறந்த முதல் ஒரு மணி நேரம் இந்த இனத்துக்கு மற்ற ஆடுகளைவிட முக்கியமானது. காம்பு பருத்திருப்பதால் பிறந்த குட்டியின் வாய்க்குள் அது நுழையாது. குட்டி தேடித் தேடிக் களைத்துவிடும். என் பட்டியில் நடந்த முதல் ஈற்றில் பிறந்த குட்டி, தாயின் மடி நிறையச் சீம்பால் இருந்தும் மறுநாள் மாலை இறந்தது. இப்போது காம்பைக் கழுவி, அடைப்பு நீங்க இரண்டு முறை பீச்சிவிட்டு, மடியைச் சற்றுத் தளர்த்தி, குட்டியின் வாயில் நானே வைக்கிறேன். அப்படியும் குடிக்காவிட்டால் சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுக்கிறேன். முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று கிலோ குட்டிக்கு 300 மில்லி. தொப்புள் கொடியை அயோடினில் நனைப்பதையும் மறக்கக் கூடாது. முதல் மாதம் முழுப் பாலும் குட்டிக்குத்தான். அதன்பின் இரவில் குட்டியைத் தனியே அடைத்து, காலைப் பாலை நாங்கள் கறந்துகொண்டு, பகலில் தாயோடு விட்டுவிடுகிறோம். குட்டியும் இளைக்கவில்லை, பாலும் நிற்கவில்லை. அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதத்துக்கு முன் கறவையை நிறுத்திவிட வேண்டும். ஐந்து மாதச் சினைக்காலத்தின் கடைசிப் பகுதியில்தான் வயிற்றுக்குட்டி வேகமாக வளரும். அப்போதும் கறந்தால் தாயும் குட்டியும் மெலியும்.

தடுப்பூசிகளை அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுகிறோம். ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டியின் நான்காம் மாதத்திலும், துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய்க்கு மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் போட வேண்டும். குடற்புழு மருந்தை நாள்காட்டி பார்த்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கீழிமையை விரித்துப் பார்த்து, சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவேன். வெளிறியிருந்தால், புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கக்கூடும் என்பதால், புழுக்கையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்து கொடுப்பேன். எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி ஒரே மருந்தைக் கொடுத்தால் புழுக்கள் அதற்குப் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் இந்த ஆடுகளுக்கு உண்மையான சோதனைக் காலம். வெயிலைத் தாங்கும் இந்த ஆடு ஈரத்தைத் தாங்காது. குளம்பு அழுகும், நெஞ்சில் சளி கட்டும். நான் போட்ட பரண் இந்த இரண்டு மாதங்களுக்கும் இரவுகளுக்கும் மிகவும் பயன்படுகிறது. சட்டங்களின் இடைவெளி ஒரு விரல் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும்.

பாலை வாங்குபவர்கள் பதினோரு வீட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் வெள்ளாட்டுப் பாலை எடுப்பதில்லை என்பதால் வாங்குபவர்களை முதலில் தேடிவிட்டுத்தான் ஆட்டை வாங்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாலில் வாடை வருகிறது என்ற குறை முதல் ஆண்டில் வந்தது. கிடாவைப் பெட்டைகளோடு கட்டியிருந்ததும், கறந்த பாலை வெயிலில் எடுத்துச் சென்றதும்தான் காரணம். கிடாவுக்குத் தோட்டத்தின் மறு மூலையில் கொட்டில் போட்டு, கறந்த பாலை உடனே வடிகட்டிப் பனிக்கட்டித் தண்ணீரில் பாத்திரத்தோடு வைக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குறை எழவில்லை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஆட்டுப்பால் வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இரத்தச்சோகை வரும். குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். பச்சைப் பாலைக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களிடமும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஆட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமி பாலின் வழியாக மனிதருக்கும் வரக்கூடியது. அதனால் ஆண்டுக்கொரு முறை எல்லா ஆடுகளின் இரத்தத்தையும் சோதிக்கிறோம்.

தூய இனத்தைச் சிறிய மந்தையில் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இருக்கும் பெரிய கவலை கிடா. ஒரே கிடாவை மூன்றாண்டு வைத்திருந்தால் அது தன் மகள்களோடு சேரும். எனக்கு அப்படி ஒரு முறை பிறந்த குட்டிகள் எடை குறைந்து, நோஞ்சானாக இருந்தன. அதன்பிறகு ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண் தொங்கவிட்டு, தாய், தந்தை, பிறந்த நாள், எடை, வாரம் ஒரு நாள் அளந்த பால் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கத்தில் ஒருவரும் தாராபுரம் பக்கத்தில் ஒருவரும் இதே இனத்தை வைத்திருக்கிறார்கள். மூவரும் பேசி, இரண்டு ஆண்டுக்கொரு முறை கிடாக்களை மாற்றிக்கொள்கிறோம், பணம் கைமாறுவதில்லை. மாற்றுமுன் கிடாவின் தாய் கறந்த பாலின் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஒரே நிபந்தனை. புதுக் கிடா வந்தால் முதல் மூன்று வாரம் மந்தையிலிருந்து ஒதுக்கித்தான் கட்டுகிறோம்.

வெள்ளச்சி இறந்து இரண்டு ஆண்டாகிறது. அதன் பேத்தி போன மாசியில் முதல் ஈற்றுப் போட்டது. மடி உடலோடு ஒட்டி, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. எட்டாம் வாரத்தில் ஒரு லிட்டர் 300 மில்லி அளந்தேன். தாராபுரத்துக் கிடா ஆவணியில் வருகிறது. அதற்குள் அதன் கொட்டிலுக்கு ஓலை மாற்ற வேண்டும்.